ஒளிர்வது தேளின் விஷம் அல்ல

ஓமான் பாலைவனத்தில் இரவில் காரை நிறுத்திவிட்டு புற ஊதா டோர்ச்சோடு தேள் தேடும் வீடியோ ஒன்று யாழ்ப்பாண வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வீடியோவில் பிழையில்லை. கீழே யாரோ ஒட்டிய வரிதான் பிழை: “பச்சையாக ஒளிர்வது விஷம். ஒளிராத தேளுக்குப் பயப்படத் தேவையில்லை.”

ஒளிர்வது விஷமல்ல, தேளின் உடலை மூடிய ஓடு. அதிலுள்ள பீட்டா கார்போலின் போன்ற சேர்மங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, நீலப்பச்சையாக வெளிவிடுகின்றன. செத்துக் காய்ந்த தேளும் ஒளிரும். கொடிய விஷமுள்ள பாலைவனத் தேளுக்கும், உருவத்தில் பெரிதாய் இருந்தும் விஷம் குறைந்த ஆபிரிக்கப் பேரரசத் தேளுக்கும் இதே வெளிச்சம்தான். மாறாக, இப்போதுதான் தோலுரித்த தேள் சரியாக ஒளிராது; ஓடு இறுக வேண்டும். அதற்காக அதன் விஷம் எங்கும் போய்விடாது!

யாழ் குடாநாட்டில் இது வெறும் வேடிக்கைக் கதையல்ல. இங்கே செந்தேள் இருக்கிறது. அது கொட்டினால், முக்கியமாகச் சிறுபிள்ளைகளுக்கு, உயிராபத்து வரலாம். வலியோடு வியர்வை, வாந்தி, கைகால் குளிர்தல், படபடப்பு கண்டால் கீறுவதிலும் கட்டுவதிலும் நேரம் போக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பிராசோசின் என்ற மருந்து அங்கே கைகொடுக்கும்.

சரி, அந்த டோர்ச் வீணா? இல்லை. விறகுக் குவியல், அடுக்கிய கிடுகு, மதிலோரக் கல் எல்லாவற்றிலும் இருட்டில் டோர்ச் அடித்துப் பார்க்கலாம். ஆனால் ஒளி படாத இடுக்கில் இருப்பது தெரியாது. ஆகவே சப்பாத்தைத் தட்டிவிட்டே போடுங்கள்.