சாலட் மட்டும்தானா?
கிரேக்க உணவகத்தில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு சாலட்டை விட்டால் ஒன்றுமில்லை என்று கிரேக்க உணவு பற்றிய இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாள்களில் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்குவது கிரேக்கர்களின் பழைய வழக்கம். அதனால் பருப்பு, பீன்ஸ் சமையல் அவர்களிடம் ஏராளம். போன புரட்டாசியில் இங்கே சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் இருக்கும் கிரேக்கக் கடைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். ‘ஃபாவா’ வந்தது: மசித்த மஞ்சள் பருப்பு, மேலே ஆலிவ் எண்ணெய், நறுக்கிய வெங்காயம், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. ஒரு வாய் வைத்துவிட்டு, “பருப்புக் கடைசல்தான், தாளிக்க மறந்துட்டாங்க” என்றார். கடைசியில் கிண்ணத்தை ரொட்டியால் வழித்துத் துடைத்ததும் அவர்தான். திராட்சை இலைச் சுருளில் மட்டும் சில கடைகளில் கொத்துக்கறி வைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், விலை அதிகம் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய இன்னொருவர் சொன்னது உண்மை: 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9% ஜிஎஸ்டி. அம்மா பில்லை இரண்டு முறை படித்தார்.