ஆயில் குச்சி அழுத்தத்தைச் சொல்லாது

செவ்ரோலே சில்வராடோ பிக்கப் டிரக்கின் 5.3 லிட்டர் வி8 இன்ஜினில் ஆயில் அழுத்த எச்சரிக்கை வந்தாலும், ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் அளவு சரியாக இருந்தால் அழுத்தத்தை அளக்கும் சென்சார்தான் பழுது, தொடர்ந்து ஓட்டலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்த சென்சார் பழுதாவதும், அதன் அடியிலுள்ள சின்னஞ்சிறு வலை அடைத்துக்கொள்வதும் இந்த இன்ஜின்களில் அடிக்கடி நடப்பவை. ஆனால் குச்சி சொல்வது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் அடித்தட்டில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதை மட்டுமே. அங்கிருந்து ஆயிலை இழுக்கும் பம்பின் உறிஞ்சுகுழாயில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போனால் பம்பு ஆயிலோடு காற்றையும் இழுக்கும். அப்போது ஆயில் நிறைய இருந்தும் அழுத்தம் நிஜமாகவே விழும். அந்த நிலையில் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து இன்ஜினே போய்விடும். தயவுசெய்து வண்டியை நிறுத்திவிடுங்கள், கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

சரிபார்ப்பது கடினமல்ல. இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்புறம் உள்ள சென்சாரைக் கழற்றி, வலையையும் எடுத்துவிட்டு, அதே துளையில் முள் வைத்த அழுத்தமானி ஒன்றைப் பொருத்த மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். இன்ஜின் சூடேறிய பிறகு நிமிடத்துக்கு 1000 சுழற்சியில் 6, 2000-இல் 18, 4000-இல் 24 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) என்பவை குறைந்தபட்ச அளவுகள். நல்ல இன்ஜின் இவற்றைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே காட்டும். முள் நன்றாக ஏறினால் சென்சாரையும் வலையையும் மாற்றினால் போதும். ஏறாவிட்டால் இன்ஜினை உடனே அணைத்துவிட்டு, அடித்தட்டைக் கழற்றி அந்த ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும்.