சிரிக்க வைத்தவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

ஏற்காடு வாசிப்பு முகாமில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆங்கில அறிவியல் புனைகதையில் நகைச்சுவை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸை "ஜோக் எழுதிப் பிழைத்த சோம்பேறி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் பேச்சாளர். கேள்வி கேட்ட கல்லூரி மாணவியிடம், "உருப்படியா நாலு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிச்சுட்டு வாம்மா" என்றார். அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சிரிப்பு உழைக்காமல் வராது. 1978 மார்ச்சில் பிபிசி ரேடியோ 4-ல் வந்த அவருடைய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' விண்வெளி நகைச்சுவைத் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோ நகைச்சுவை என்றால் ஆட்களை எதிரே உட்காரவைத்து, அவர்கள் சிரிப்போடு பதிவு செய்வதுதான் அன்றைக்கு வழக்கம். இதில் அது கிடையாது. நடிகர்களின் குரலைத் தனியாகப் பதிந்து, விண்கல இரைச்சல், கதவுச் சத்தம் எல்லாவற்றையும் பிறகு நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். கூடச் சிரிக்க அரங்கத்தில் ஆளில்லை. ஒரு சொல் இடம் மாறினாலும் ஜோக் செத்துவிடும்.

அந்தத் தொடரின் கடைசி இரண்டு பகுதிகளில் அவர் நண்பர் ஜான் லாய்ட் சேர்ந்து எழுதினாரே என்பீர்கள். எழுதினார். அதே சமயம் ஆடம்ஸ் கையில் 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி டிவி தொடருக்கான கதை ஒன்றும் இருந்தது. சோம்பேறி ஏன் இரண்டை இழுத்துப் போட்டுக்கொள்கிறான்?

கெடு தவறினாரே? தவறினார், மறுக்கவில்லை. 1984-ல் வந்த நான்காவது 'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' நாவலுக்காகப் பதிப்பாசிரியர் சன்னி மேத்தா ஓட்டல் அறையில் கூடவே தங்கி எழுதி வாங்கினார். எழுத வராமல் தவிப்பதைச் சோம்பல் என்பவர் பேனாவோடு மல்லுக்கட்டியதே இல்லை என்றுதான் சொல்வேன்.

அறிவியல் எங்கே என்கிறார்கள். 'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' கதையின் நாயகன் ஆர்தரின் வீட்டை இடித்துப் பைபாஸ் போட வருகிறார்கள். திட்ட வரைபடத்தை எங்கே வைத்திருந்தார்கள்? விளக்கும் படிக்கட்டும் இல்லாத நிலவறையில், பயன்படாத கழிப்பறைக்குள், பூட்டிய பீரோவில். அன்றைக்கே பூமியையும் விண்வெளிப் பைபாஸுக்காக இடிக்கிறார்கள். அறிவிப்பு ஆல்ஃபா சென்டாரியில் ஐம்பது வருடமாக இருக்கிறதாம், போய்ப் பார்க்காதது நம் தவறாம். 2018-ல் எட்டு வழிச்சாலைக்காக வயலில் அளவுக்கல் நட்டதைப் பார்த்த சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை வெறும் ஜோக் என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

'லாஸ்ட் சான்ஸ் டு சீ' என்ற அவர் புத்தகத்தைப் பற்றி அந்த மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை. அழிந்துகொண்டிருக்கும் உயிர்களைத் தேடி விலங்கியலாளர் மார்க் கார்வர்டைனோடு அலைந்து எழுதியது, 1990-ல் வந்தது. சீனாவின் யாங்சி ஆற்று ஓங்கிலுக்குப் (டால்பின்) பார்வை மிக மங்கல், ஒலியை வைத்தே வழி கண்டுபிடிக்கும். அதற்கு ஆற்றுக்குள் என்ன கேட்கிறது என்று பதிவு செய்ய நீருக்கடி மைக் கைவசம் இல்லை. ஷாங்காய் கடைகளில் ஏறி இறங்கி ஆணுறை வாங்கி, சாதாரண மைக்குக்கு மாட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். கேட்டதெல்லாம் படகு இன்ஜின்களின் ஓயாத இரைச்சல். 2006-ல் ஆறு முழுக்கத் தேடியும் ஒரு ஓங்கில்கூடக் கண்ணில் படவில்லை. அதைப் பார்க்க ஆடம்ஸ் இல்லை. 2001-ல், 49 வயதில், மாரடைப்பில் போய்விட்டார்.

"நகைச்சுவையை இலக்கியத்தோடு வைக்கலாமா" என்று கமென்டில் கேட்காதீர்கள். வைக்கலாம்.

அந்தத் தங்கச்சி இதைப் படித்தால்: 1979-ல் வந்த முதல் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' நாவலில் தொடங்கும்மா. ரேடியோ தொடரைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதே, ஹெட்போன் மாட்டிக்கொள். ஸ்டீரியோவில் எடுத்தது. இடப்பக்கச் சத்தமும் வலப்பக்கச் சத்தமும் பிரிந்து வந்தால்தான் அவர்கள் பட்ட பாடு காதில் விழும்.