ஊழியம் என்ற சொல்லும் ஒரு வாளி வெந்நீரும்

"அவர் ஊழியம் செய்கிறார்" என்று யாராவது சொன்னால் உடனே நம் மனக்கண்ணில் வருவது மேடை, ஒலிபெருக்கி, கையில் வேதாகமம். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கி, கழிவறையைக் கழுவிவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவரை ஊழியக்காரர் என்று நாம் அழைப்பதே இல்லை. இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

வேதாகமத்தில், ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்வதில் கிரேக்கம் பேசியவர்கள் விடுபட்டுப்போக, முறுமுறுப்பு எழுகிறது. நம் தமிழ் வேதாகமம் அந்தப் பகிர்வை "விசாரணை" என்றும், வசனம் போதிப்பதை "ஊழியம்" என்றும் சொல்கிறது. கிரேக்க மூலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான்: தியாகோனியா. பந்தி பரிமாறுவதற்கும் வழங்கிய சொல் அது. அந்த வேலைக்குத் தெரிந்தெடுத்த 7 பேரும் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்றார்கள் அப்போஸ்தலர்கள். பரிமாற எதற்கு ஞானம் என்று தோன்றலாம். யார் விடுபட்டார்கள் என்று கண்டுகொள்ள அது வேண்டும்.

ஆனால் எனக்குக் கடினமாக இருந்தது வேறு பாடம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் குனிய முடியாமல் படுத்திருந்தேன். நான் வேதபாடம் நடத்திய இளைஞன் ஒருவன் பார்க்க வந்தான். சற்று நேரத்தில் ஒரு வாளி வெந்நீரும் துண்டுமாக வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாரக்கணக்கில் கவனிக்காத கால்கள். குதிகால் வெடித்து, நகங்கள் வளர்ந்து கிடந்தன. "வேண்டாம் தம்பி" என்று காலை இழுக்கப் பார்த்தேன், முடியவில்லை. விரலிடுக்குகளில் சோப்புப் போட்டுக் கழுவினான். நகங்களை ஊறவைத்து ஒவ்வொன்றாக வெட்டினான். "ஐயா, இது சதைக்குள் வளைந்திருக்கிறது. வலித்தால் சொல்லுங்கள்" என்றான்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். நன்றியெல்லாம் பிறகுதான். அத்தனை ஆண்டுகள் நான் செய்த உதவிகளில் எப்போதும் கொடுக்கிற கை என்னுடையதாகவே இருந்தது. அந்த உயரம் எனக்குப் பிடித்தும் இருந்தது என்று அன்றுதான் உணர்ந்தேன். இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவிய இரவில், தன் கால்களை ஆண்டவர் கழுவக் கூடாது என்று சீஷனான பேதுரு தடுத்ததைத் தாழ்மை என்று பாடம் நடத்தியவன் நான். "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்ற பதில் எவ்வளவு கண்டிப்பானது! தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்த அதே இரவு அது. காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அங்கேதான் இருந்தான். அவன் எழுந்துபோனது கால்களைக் கழுவிய பிறகுதான். என் காலை ஒருவன் கையில் பிடித்திருந்தபோது, பல முறை வாசித்த அந்த யோவான் 13ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாக இருந்தது.

படுக்கையிலிருக்கும் முதியவர் ஒருவரை இப்போது போய்ப் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் வசனம் வாசித்து, ஜெபித்துவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது, ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். மூன்று முறை ஒன்றும் வேண்டாம் என்றார். போன வாரம் சற்றுத் தயங்கியவர், போர்வையை மெல்ல விலக்கிக் காலை நீட்டினார். நான் தண்ணீர் காயவைக்கப் போனேன்.