முழங்கால் சில்லில் வைத்த கம்பி துருப்பிடிக்குமா?

"முழங்கால் சில்லு உடைந்து கம்பி வைத்தவர்கள் ஓராண்டுக்குள் அதை எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் துருப்பிடித்து இரத்தம் விஷமாகும், எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் கம்பியைப் பிடுங்கிவிடும்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

இரண்டு நேர்க்கம்பிகளை எலும்புக்குள் செலுத்தி, எட்டு வடிவில் மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டுவதே சில்லு முறிவுக்கு நெடுங்காலமாகச் செய்யப்படும் முறை. இதற்குப் பயன்படும் 316எல் வகை எஃகு, வீட்டுக் கதவின் இரும்பு அன்று. அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. இந்த எஃகும், எலும்பில் வைக்கப் பயன்படும் மற்றோர் உலோகமான டைட்டானியமும் காந்தத்தால் இழுபடக்கூடியவை அல்ல. ஸ்கேனில் அவ்விடத்துப் படம் சற்றுக் கலங்கித் தெரியலாம், அவ்வளவே. ஆயினும் ஸ்கேனுக்கு முன் கம்பி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பலருக்குக் கம்பி எடுக்கப்படுவது உண்மைதான், ஆனால் காரணம் வேறு. சில்லின் மேல் தசைப்போர்வை இல்லை, தோல்தான் உண்டு. ஆகவே வளைத்துவிட்ட கம்பி முனை நெல்மணிபோல் விரலில் தட்டுப்படும், மண்டியிட்டால் குத்தும். அத்தகைய தொந்தரவு இருந்தால், எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்த பின் எடுக்கலாம். இல்லாதவர்களுக்கு அது அப்படியே இருக்கலாம். காய்ச்சலோடு அவ்விடம் சிவந்து சீழ் வடிந்தால் மட்டும் மருத்துவரைப் பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது. அது கிருமித்தொற்று, துரு அன்று.