எலிக்கும் நாலு அடி, பூதத்துக்கும் நாலு அடி

ஃபோனில் ஆடிக்கொண்டிருந்த ஒரு நிலவறை கேமை விட்டுவிட்டேன். டஞ்சன் கிராலர் என்பார்களே, அந்த வகை. பெயர் எதற்கு, இந்த ரகத்தில் பல கேம்கள் அச்சு அசல் இப்படித்தான் இருக்கின்றன. கருப்புத் திரை, வெள்ளைக் கோட்டில் அறைகள், ஒரு வீரன், ஒரு கத்தி, ஒரு கவசம். கதை கிடையாது, வசனம் கிடையாது. அறைக்குள் போ, அடி, விழுந்ததை எடு, அடுத்த தளத்துக்கு இறங்கு. அவ்வளவுதான்.

அது எனக்குப் பிடித்துப்போனதே இந்த எளிமையால்தான். ஆளை ஆடவிடாமல் அரை மணி நேரம் பாடம் எடுக்கும் கேம்களுக்கு நடுவில், திறந்த மறுநொடி சண்டை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? விட்டதற்குக் காரணம் விளம்பரத் தொல்லை இல்லை, காசு பிடுங்கலும் இல்லை. சொன்னதைச் சரியாகச் செய்கிற கேம்தான். ஆனால் போகப் போக அதில் எனக்கு வேலையே இல்லை என்று ஆகிவிட்டது.

எந்த இடத்தில் என்று சொல்கிறேன். ஒரு எலும்புக்கூடு செத்து விழுந்தது, ஒரு கத்தி கிடைத்தது. என்னிடம் இருந்த கத்தியின் தாக்குதல் 41, கீழே கிடப்பது 44. பக்கத்தில் பச்சை அம்புக்குறி. பச்சை என்றால் எடு, சிவப்பு என்றால் விடு. கட்டைவிரல் அது பாட்டுக்கு எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்விட்டது. அந்தக் கத்திக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது, நான் படிக்கக்கூட இல்லை. படித்து என்ன ஆகப்போகிறது? 41-ஐ விட 44 பெரிது என்று கண்டுபிடிக்க ஒரு மனுஷன் வேண்டுமா?

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. முதல் தளத்தில் வரும் எலிக்கு உயிர் கம்மி, என் கத்தியும் மொக்கை. நாலு அடியில் செத்தது. கீழே இறங்க இறங்க என் கத்தியும் ஏறியது, எதிரியின் உயிரும் ஏறியது. இருபதாவது தளத்தில் திரையை அடைத்துக்கொண்டு ஒரு பூதம் வருகிறது. அதுவும் நாலே அடியில் சாகிறது! எண்கள் மட்டும் இரண்டு இலக்கத்திலிருந்து நான்கு இலக்கத்துக்குப் போயிருக்கின்றன. செக்குமாடு கூடத்தான் ஒரு நாளைக்கு அத்தனை தூரம் நடக்கிறது. இதைக் கவனித்துவிட்ட பிறகு அந்த கேமை முன்புபோல ஆட முடியவில்லை.

"மினிமலிஸ்ட் கேம் என்றால் அப்படித்தான் இருக்கும், கம்மியா கொடுத்தா கம்மியாத்தான் கிடைக்கும்" என்று ஒரு கூட்டம் வரும். இல்லவே இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிற, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலவறை கேம்களை ரோக்லைக் என்பார்கள். அந்தப் பெயர் வரக் காரணமான ரோக் என்ற கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, அப்புறம் கென் அர்னால்டும் சேர்ந்தார். படம் என்று ஒன்றுமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே அட் குறி, அதுதான் நீங்கள். எதிரிகள் எல்லாம் ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகள். 26-வது தளத்தில் ஒரு தாயத்து இருக்கும், அதை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே ஏறி வர வேண்டும்.

இதைவிடக் குறைவாக என்னதான் காட்டுவது? ஆனால் அதில் ஒரு மருந்துப் புட்டி கிடைத்தாலே மண்டை குடையும். எந்த நிறம் எந்த மருந்து என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். போன முறை காயத்தை ஆற்றிய நீல மருந்து இந்த முறை கண்ணைக் குருடாக்கலாம். குடித்துப் பார்த்தால்தான் தெரியும். இப்போதே குடித்துப் பார்த்துவிடுவதா, சாகப்போகும் நேரத்துக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்துக்கொள்வதா? கவசத்தைத் துருப்பிடிக்க வைக்கும் ஒரு பிராணி வேறு வரும். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கண்டதும் முதலில் கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். எந்தப் பச்சை அம்பு இதைச் சொல்லித்தரும்? சரி, மேல்தளத்திலேயே சுற்றிச் சுற்றிச் சின்ன எதிரிகளை அடித்துப் பலம் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் பசி விடாது. சாப்பாடு தீர்ந்தால் மயங்கி விழ வேண்டியதுதான். செத்தால் மறுபடி முதலிலிருந்து.

பழைய புராணம் என்று நினைத்தால் ஹாப்லைட் இருக்கிறது. 2013-ல் வந்த ஃபோன் கேம். ஒரு தளம் என்பது அறுகோணக் கட்டங்களால் ஆன ஒரே திரை. கத்தி மாற்றும் பேச்சே கிடையாது. வில்லாளி நேர்கோட்டில் எய்வான், வாள்காரன் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் வெட்டுவான், யாருக்கு எட்டும் எட்டாது என்பது முன்கூட்டியே தெரியும். கையில் இருக்கும் ஈட்டியை எறியலாம், ஆனால் போய் எடுத்தால்தான் மறுபடி உண்டு. எறிந்துவிட்டு அது விழுந்த கட்டத்தைச் சுற்றி மூன்று பேர் நிற்பதைப் பார்க்கும்போது வருகிற பதற்றம் இருக்கிறதே, அந்த எழவெடுத்த ஈட்டி ஒன்றுக்காகவே அந்த கேமை வைத்திருக்கலாம்.

ஆக இவர்கள் கதையைக் குறைத்தார்கள், படத்தைக் குறைத்தார்கள், முடிவெடுக்கும் வேலையை மட்டும் நம்மிடமே விட்டார்கள். நான் விட்டுவந்த கேம் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. இதைக் கேலி செய்து 2002-லேயே ஒரு கேம் வந்தது, ப்ராக்ரஸ் க்வெஸ்ட். கேரக்டரை உருவாக்குவதோடு நம் வேலை முடிந்தது. கொல்வது, விற்பது, புது ஆயுதம் வாங்குவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், நாம் திரையில் முன்னேற்றத்தைக் காட்டும் பட்டை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு நக்கலாகச் செய்ததை இன்றைக்கு நிஜமாகவே செய்து, கூடவே நம் கட்டைவிரலையும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

நண்பர் ஒருவர் "ஐம்பதாவது தளம் தாண்டு, அப்புறம்தான் கேமே ஆரம்பம்" என்றார். அங்கேதான் ஆரம்பம் என்றால் அதை முதல் தளத்தில் வைக்க வேண்டியதுதானே? வேலை முடிந்து வந்து மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டிக்கொண்டிருக்க இது தோதானது என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை, தாராளமாக ஆடுங்கள். உருவாக்குகிறவர்களின் சிரமமும் புரிகிறது. எதிரியின் உயிரைக் கூட்டுவது ஒரு பெருக்கல் கணக்கு. ஈட்டி மாதிரி ஒரு விதியைச் சேர்த்தால், அது ஒவ்வொரு எதிரியோடும் சேர்ந்து என்ன ஆகிறது என்று ஆடி ஆடிப் பார்க்க வேண்டும்.

கிடைத்த பொருளை எடுப்பதா வேண்டாமா என்று ரெண்டு நிமிஷம் குழம்ப வைக்கிற மாதிரி ஏதாவது ஆடிக்கொண்டிருக்கிறீர்களா? ஒரு கையால் ஆட முடிந்தால் இன்னும் நல்லது. கிராஃபிக்ஸ் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, பெயரைப் போடுங்கள்.