பாடிக்காகக் காத்திருக்காதே தம்பி, மவுண்ட்டைப் பார்

என்னோடு கல்யாணங்களில் கேண்டிட் போட்டோ எடுக்க வரும் தம்பி ஒருவன் மாசக்கணக்கில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "அண்ணே, ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் இப்பவே எடுத்துரவா, இல்ல அடுத்து வரப்போறதுக்குப் பொறுக்கவா?" மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா, ஃபுல் ஃபிரேம் என்றால் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார். 2025 நவம்பரில் கேனான் ஆர்6 மார்க் 3 வந்தது. டிசம்பரில் சோனி ஏ7 மார்க் 5 வந்தது. இரண்டும் வந்த பிறகும் கேள்வி மாறவில்லை. இப்போது நிக்கானின் அடுத்த பாடிக்காக, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்காகக் காத்திருக்கிறானாம். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் வேறு தம்பி தங்கைகளுக்கும் இதே குழப்பம் இருக்கும்.

நானும் இப்படிக் காத்திருந்தவன்தான். 2013 அக்டோபரில் சோனி ஏ7 வந்துவிட்டது. ஆட்டோஃபோகஸோடு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கைக்கு வந்தது அப்போதுதான். நான் அடுத்த வருஷம் வாங்கியதும் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர்தான், நிக்கான் டி750. அலமாரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 80-200 எஃப் 2.8 டி, ஒரு 85 டி, ஒரு 50 டி என்று மூன்று லென்ஸ். இத்தனையையும் விட்டுவிட்டு எங்கே போவது? நிக்கானும் ஒருநாள் கொண்டு வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

2018 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. நிக்கானின் மிரர்லெஸ், இசட்6, இசட்7. பழைய லென்ஸுக்கு எஃப்டிஇசட் அடாப்டரும் உண்டு என்றார்கள். அந்த அடாப்டரின் விவரத்தைப் படித்தபோது மனசு விட்டுப்போனது. என்னிடம் இருந்த 'டி' லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார், மவுண்ட்டில், அதாவது லென்ஸ் மாட்டும் வாயில், துருத்திக்கொண்டிருக்கும் சின்னத் திருகு வழியாக லென்ஸைச் சுழற்றினால்தான் ஃபோகஸ் ஆகும். இசட் பாடியிலும் அந்த மோட்டார் இல்லை, அடாப்டரிலும் இல்லை. என் மூன்று லென்ஸும் மாட்டலாம், படம் எடுக்கலாம், ஃபோகஸை மட்டும் கையால் திருப்பிக்கொள்ள வேண்டும். தாலி கட்டும் அந்தச் சில விநாடிகளில் அது நடக்கிற காரியமா?

போதாததற்கு, இசட்6-ல் ஒரே ஒரு கார்டு ஸ்லாட். கேனான் ஈஓஎஸ் ஆர் அடுத்த மாதமே வந்தது, அதிலும் ஒன்றுதான். எனக்கு ஒரு முகூர்த்தத்தில் கார்டு செத்துப்போன அனுபவம் உண்டு. மாலை மாற்றுவதிலிருந்து அம்மி மிதிப்பது வரை அத்தனையும் அதில். டி750-ன் இரண்டாவது கார்டில் நகல் விழுந்திருந்ததால்தான் அந்தப் பெண்ணின் அப்பா முகத்தை என்னால் பார்க்க முடிந்தது. அதனால் ஒற்றை ஸ்லாட் பாடியை நான் கல்யாணத்துக்குத் தொடமாட்டேன். அந்த வருஷம் பிப்ரவரியில் வந்த சோனி ஏ7 மார்க் 3-ல் இரண்டு ஸ்லாட், பேட்டரியும் தாங்கும். டாம்ரான் 28-75 எஃப் 2.8-ஐ அதில் போட்டுக்கொண்டு என் நண்பர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். அவர்கள் போனது சரி.

நான் 2020 அக்டோபரில் இசட்6 மார்க் 2 வரும்வரை பொறுத்தேன். அதற்குள் என்ன இழந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனிக் கருவி. புள்ளிகள் எல்லாம் நடுவில் குவிந்திருக்கும். மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. தலை குனிந்த மணப்பெண்ணின் கண்ணை, நெற்றிச்சுட்டிக்குக் கீழே, மாலைக்கு மேலே, அதுவே தேடிப் பிடிக்கிறது. நான் காத்திருந்த வருஷங்களின் ஆல்பங்களைப் புரட்டினால் கண்ணில் நிற்க வேண்டிய ஃபோகஸ் மாலைப் பூவில் நிற்கும் படங்கள் இருக்கின்றன. அந்த முகூர்த்தங்கள் திரும்ப வராது.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1987-ல் கேனான் ஈஓஎஸ் கொண்டு வந்தபோது, அதுவரை இருந்த எஃப்டி மவுண்ட்டை அப்படியே கைவிட்டது. எஃப்டி லென்ஸ் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு எப்படி எரிந்திருக்கும்! ஆனால் புதிய ஈஎஃப் லென்ஸ் ஒவ்வொன்றிலும் மோட்டாரை உள்ளேயே வைத்தார்கள். பாடியோடு பேசுவது முழுக்க மின்தொடர்பு. நிக்கானோ 1959-ல் தொடங்கிய எஃப் மவுண்ட்டை விடாமல் காப்பாற்றியது, திருகையும் சேர்த்து. முப்பது வருஷம் கழித்து மிரர்லெஸ் வந்தபோது 1987-ன் ஈஎஃப் லென்ஸ்கூட அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் ஆகிறது. என் 80-200 ஆகவில்லை. நான் நிக்கான்காரன், இன்றைக்கும் அதில்தான் எடுக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்: பாடி நாலைந்து வருஷத்தில் பழசாகும், மவுண்ட்டில் எடுத்த முடிவு முப்பது வருஷம் கூட வரும்.

அதனால் தம்பி, நீ பார்க்க வேண்டியது மவுண்ட். சோனி ஈ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டார்கள். சிக்மா, டாம்ரான் என்று கடை நிறைய லென்ஸ் இருப்பது அதனால்தான். நிக்கான் இசட்டின் வாய் 55 மில்லிமீட்டர், சென்சாருக்கும் மவுண்ட்டுக்கும் இடைவெளி வெறும் 16. சோனியில் அது 18. அந்த 2 மில்லிமீட்டரில் ஒரு மெல்லிய வளையம் போட்டு சோனி லென்ஸை இசட்டில் மாட்டி ஆட்டோஃபோகஸோடு எடுப்பவர்கள் உண்டு. டாம்ரான் 35-150 இசட்டுக்கும் வந்துவிட்டது, கல்யாணத்துக்கு அந்த ஒரு லென்ஸ் பாதி வேலையை முடிக்கும். கேனானின் மிரர்லெஸ் மவுண்ட்டான ஆர்எஃப்பில்தான் எனக்கு மனத்தாங்கல். 2024-ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைத் திறந்தார்கள், ஆனால் சின்ன சென்சாருக்கான ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு மட்டும் என்றுதான் திறந்தார்கள். இத்தனை நல்ல பாடி செய்கிறவர்கள் லென்ஸில் இப்படிக் கையைக் கட்டுவது நியாயமில்லை. உன்னிடம் ஏற்கனவே ஈஎஃப் லென்ஸ் இருந்தால் அது வேறு கணக்கு, யோசிக்காமல் கேனானுக்குப் போ.

பானாசோனிக், லைக்கா, சிக்மா சேர்ந்த எல் மவுண்ட் வீடியோக்காரர்களுக்கு நல்லது. எங்கள் ஊரில் வாடகைக்குக் கிடைப்பதில்லை, அதனால் விடுகிறேன்.

புது பாடிகளில் உண்மையாகவே ஒரு மாற்றம் நடக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ரிசப்ஷன் மேடையில் இப்போது பின்னாடி முழுக்க எல்இடி திரை. சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். சென்சார் மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது, அதற்குள் விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடுகிறது. படிக்கும் வேகம் கூடினால் இந்தத் தொல்லை குறையும். 2024-ன் இசட்6 மார்க் 3-லும் இப்போதைய ஏ7 மார்க் 5-லும் இருக்கும் பாதி அடுக்கு சென்சார் அதற்குத்தான் வழி. 2023-ல் வந்த சோனி ஏ9 மார்க் 3 முழு சென்சாரையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது, ஆனால் அது நம் பட்ஜெட்டுக்கு வெளியே. உன் வேலையில் பாதிக்கு மேல் ரிசப்ஷன் என்றால் இந்த வேகத்துக்குக் காசு கொடு. முகூர்த்தமும் வளைகாப்பும்தான் அதிகம் என்றால் மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்துக்கொள்ளலாம், பழைய பாடியே போதும், மிச்சத்தை லென்ஸில் போடு.

இன்னொன்று. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் லென்ஸ் கீழே விழுந்தால் ராத்திரிக்குள் எந்த மவுண்ட் லென்ஸ் உன் கைக்கு வரும் என்று பார். எந்த விமர்சன வீடியோவும் இதைச் சொல்லாது. எங்கள் பக்கம் நாலு பேரிடம் கேட்டால் மூன்று பேரிடம் சோனி இருக்கிறது.

தம்பி, உனக்கு அடுத்த முகூர்த்தம் இன்னும் பதினெட்டு நாளில். இசட்5 மார்க் 2 ஒன்றும் ஏ7 மார்க் 4 ஒன்றும் ஒருநாள் வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, உன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, தலையில் பூ வைத்து ஜன்னல் ஓரம் உட்கார வைத்து இரண்டிலும் எடுத்துப் பார்ப்போம்.